ஒரு நாள் பிசகு

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குக் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இரண்டாயிரம் பிறக்கும்போது கம்பியூட்டர்கள் குழம்பிப்போகலாம் என்றும், அதனால் பதிவிலுள்ள எல்லாத் திகதிகளையும் நாள், மாதம், நான்கு இலக்க வருஷம் என முழுதாக எழுத வேண்டும் என்றும் அதில் இருந்தது. மூன்று வாரத்தில் வேலையை முடித்து, எல்லாம் சரி என்று தோட்டத்து மேலாளரான துரை கையொப்பமிட்ட அறிக்கையை அனுப்ப வேண்டும்.

அந்த வேலை என்னிடம் வந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தலவாக்கலையில் உயர்தரம் படித்துவிட்டு, ஹட்டனில் ஆறு மாதம் கம்பியூட்டர் வகுப்புக்குப் போயிருந்தேன். தொழிலாளர் வரிசைவீடுகளான எங்கள் லயத்திலிருந்து போய் ஆபீசுக்குள் கதிரை போட்டு உட்கார்ந்த முதல் பெண் நான்தான். அதுவரை எங்கள் ஆட்களுக்கு ஆபீஸ் என்றால் அதன் ஜன்னல்தான். மழையானாலும் வெளியே நின்று, கம்பிக்கு இந்தப் பக்கமிருந்துதான் பேசுவார்கள். என் அம்மாவும் ஒருமுறை அப்படித்தான் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அந்தக் கதிரையில் நான் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிறகு நடந்ததில் அந்த நிமிர்வுக்கும் பங்கு உண்டு.

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருஷமாகத் தோட்டங்களில் வேலை செய்தவர். சண்டையால் வடக்குக்குப் போகும் பாதை மூடிக் கிடந்ததால் குடும்பம் அங்கேயும் இவர் இங்கேயுமாக இருந்தார்கள். யாரோடும் அதிகம் பேசமாட்டார். என்னை மட்டும் பிள்ளை என்று கூப்பிட்டுக் கதைப்பார். சுற்றறிக்கை வந்த அன்று அவரிடம் கேட்டேன்.

"ஐயா, கம்பியூட்டரோட தேதிய ரெண்டாயிரத்துக்கு மாத்திப் பாக்கலாமா? என்னா ஆகுதுன்னு தெரிஞ்சுக்கலாம்."

"மாத்திப் பார் பிள்ளை. ஆனா திருப்பி மாத்த மறந்திடாதை."

மாற்றிவிட்டு வயதுப் பட்டியலை அடிக்கச் சொன்னேன். பிரின்டர் கறகறவென்று தாளைத் தள்ளியது. என் வயது சைபருக்குக் கீழே எழுபத்தேழு என்றிருந்தது. கொழுந்து நிறுவைக்காரருக்குக் கீழே முப்பத்தொன்பது. தோட்டத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். எழுபத்தேழில் பிறந்தவளுக்கு அந்தப் பழைய புரோகிராமில் 77 என்று இரண்டு இலக்கம்தான் பதிவாகியிருந்தது. தொண்ணூற்றொன்பது வரைக்கும் அது போதுமாக இருந்தது. இரண்டாயிரம் வந்ததும் அது சைபரிலிருந்து எழுபத்தேழைக் கழித்துவிட்டது. அந்தக் காலத்துக் கம்பியூட்டர்களில் இடம் குறைவு. ஆளுக்கு இரண்டு இலக்கம் மிச்சம் பிடிக்கலாம் என்று யாரோ எங்கேயோ முன்பு முடிவு செய்திருந்தார்கள்.

பெரிய கிளாக்கர் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அப்ப நாங்கள் ஒருத்தரும் இன்னும் பிறக்கேல்லை," என்றார். சிரிக்கவில்லை. தாளை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டார்.

எண்ணூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பழைய பேரேட்டில் சிலருக்குப் பிறந்த வருஷம் மட்டும்தான் இருந்தது, சிலருக்குத் திகதி அழிந்துபோயிருந்தது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் கொண்டுவரச் சொல்லி எழுதினால் மூன்று வாரத்தில் கால்வாசிகூட முடியாது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நம் நாட்டு அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்த நாள் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் வருஷம். அடுத்த மூன்று இலக்கம், அந்த வருஷத்தில் எத்தனையாவது நாள் பிறந்தார் என்பது. பெண்களுக்கு மட்டும் அதோடு ஐந்நூறைக் கூட்டியிருப்பார்கள். அட்டை உள்ளவர்களின் இலக்கம் எல்லாம் ஏற்கனவே கம்பியூட்டரில் இருந்தது.

கம்பியூட்டர் திகதியை நம்மைப்போல் நாள், மாதம், வருஷம் என்று வைத்துக்கொள்வதில்லை என்று ஹட்டன் வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். எங்கள் ஆபீஸில் இருந்த கணக்குப் புரோகிராம் ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் ஆண்டின் முதல் நாளை ஒன்று என்று தொடங்கி, அன்றிலிருந்து ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டே வரும். அதற்குள் இருப்பது ஒரே ஒரு எண்தான். நாம் பார்க்கும்போதுதான் அதை ஜூலை என்றும் ஆகஸ்ட் என்றும் மாற்றிக் காட்டும். ஆகவே ஒருவர் பிறந்த வருஷத்தின் தொடக்கத்தோடு அடையாள அட்டையில் உள்ள நாள் எண்ணிக்கையைக் கூட்டினால் அவருடைய பிறந்த திகதி வந்துவிடும். ஒரு சூத்திரம் எழுதினால் போதும், எண்ணூறு பேருக்கும் ஒரே இழுப்பில் முடிந்துவிடும்.

எழுதினேன். சரிதானா என்று பார்க்க முதலில் என் இலக்கத்தைப் போட்டேன். நான் பெப்ரவரி ஒன்பதாம் திகதி பிறந்தவள். பெப்ரவரி ஒன்பது என்றே வந்தது. பிறகு பெரிய கிளாக்கரின் இலக்கத்தைக் கேட்டு வாங்கிப் போட்டேன். அவர் நாற்பத்துநான்காம் ஆண்டு ஒக்டோபர் மாதத்துக்காரர். அதுவும் சரியாக வந்தது.

"கெட்டிக்காரி," என்றார் அவர். மூன்று வார வேலை இரண்டு நாளில் முடிந்தது. அட்டை இல்லாதவர்களுக்கு மட்டும் பேரேட்டைப் பார்த்து எழுதினேன். துரை அறிக்கையில் கையொப்பமிட்டார். எங்கள் தோட்டம்தான் முதலில் அனுப்பியது என்று தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் பாராட்டினார்களாம். துரை அதை என்னிடம் வந்து சொன்னார்.

லயத்தில் எங்கள் வீடான காம்பராவிலிருந்து மூன்று காம்பரா தள்ளி என் சிநேகிதி ஒருத்தி இருந்தாள். ஒன்றாகப் பள்ளிக்குப் போனவர்கள் நாங்கள். அப்பா இல்லை, அவளும் அம்மாவும்தான். அம்மா கொழுந்து பறிக்கப் போவார், அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவள் பிள்ளைக்காம்பராவில், அதாவது மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், வேலை பார்த்தாள். குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் அவள் குரல் ஆபீஸ் வரைக்கும் கேட்கும்.

அந்த வருஷம் அவள் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து, நுவரெலியாவில் காட்டி, அங்கிருந்து கொழும்பில் ஒரு இருதய கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவுக்குச் சிங்களம் நாலு வார்த்தைக்கு மேல் வராது. மகள் கூடப் போக வேண்டும். அது வடக்கில் சண்டை நடந்த காலம், தமிழர் என்றாலே வழியில் மறித்துச் சோதிப்பார்கள். எங்கள் ஆட்கள் கொழும்புக்குப் போவதென்றால் அடையாள அட்டை மட்டும் போதாது. இன்ன தோட்டத்தைச் சேர்ந்தவர், இன்ன திகதியில் பிறந்தவர், இன்ன காரியத்துக்காக வருகிறார் என்று தோட்டத்துத் துரை கையொப்பமிட்ட கடிதம் கையில் இருந்தால் வழியில் கேட்கும்போது காட்டலாம். அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று இரண்டு கடிதங்களை நான்தான் அடித்தேன். பெயரும் திகதியும் கம்பியூட்டரிலிருந்து தானாகவே வந்து விழும்படி செய்து வைத்திருந்தேன்.

மறுநாள் காலை ரயிலுக்குப் போக வேண்டும் என்று அவள் பகலில் வந்து கடிதத்தை வாங்கினாள். ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே வாசித்தாள்.

"ஏய், இதுல ஜூலை பதினஞ்சுன்னு இருக்கு. நான் பதினாலுதானே."

"அது உன் ஐடி நம்பர்ல இருந்து வந்தது. தப்பு வராது."

"அட்டையில பதினாலுன்னு எழுதியிருக்கே."

"அது கையால எழுதுனது. எழுதுனவங்க மாத்தி எழுதியிருப்பாங்க. நம்பர் எப்படித் தப்பாகும்? இப்ப மாத்தணும்னா துரை மலையில இருந்து வந்து மறுபடி சைன் வைக்கணும். சாயங்காலம் வரைக்கும் இருக்கியா?"

பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் நேரம். அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் அவள் அம்மா தனியாக வந்தார். காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தைத் தாண்டி நேராக ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து நின்றார். கையில் கிளினிக் கொப்பி இருந்தது. அதைப் பிடித்திருந்த விதத்திலேயே ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது. வெளியே ஓடிப்போய் அவரைப் படியில் உட்கார வைத்தேன்.

"புடிச்சிட்டாங்க புள்ள," என்றார்.

அவர் சொன்னது இதுதான். கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் கிளினிக்குக்குப் போகிற வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு பொலிஸ்காரம்மா இருவருடைய அட்டையையும் கடிதத்தையும் வாங்கினாள்.

"மொத என்னோடதப் பாத்தாங்க. சரின்னு குடுத்துட்டாங்க. அப்புறம் இவளுது. கடுதாசியையும் அட்டையையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. எப்ப பொறந்தேன்னு சிங்களத்துல கேட்டாங்க. இவ பதினாலுன்னா. கடுதாசில பதினஞ்சுன்னுல்ல இருக்குன்னாங்க. எங்க தோட்டத்துல கம்பியூட்டர்ல அடிச்சது, நம்பர்ல இருந்து எடுத்ததுன்னு இவ என்னென்னமோ சொன்னா. உங்கம்மாவுக்குச் சரியா எடுத்த கம்பியூட்டரு உனக்கு மட்டும் ஏன் தப்பா எடுத்துச்சுன்னு கேட்டாங்க."

கடிதம் போலி, இவள் சண்டை போடுகிறவர்களின் ஆளாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு மகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா அந்த இடத்திலேயே மத்தியானம் வரை உட்கார்ந்திருந்திருக்கிறார். கிளினிக் நேரம் தப்பிவிட்டது. பக்கத்தில் பழம் விற்ற ஒரு சிங்களத்துப் பெண் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, சொந்தக்காரர் வீடு இருக்கும் தெரு வரைக்கும் கூட்டிப்போய் விட்டிருக்கிறாள்.

"நீ அடிச்ச கடுதாசிதானே, நீ சொன்னா விட்டுருவாங்கல்ல?" என்று கேட்டார். அதில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே வந்து அவள் இலக்கத்தைத் திரையில் எடுத்தேன். 77 696. ஐந்நூறைக் கழித்தால் நூற்றுத்தொண்ணூற்றாறாவது நாள். பெரிய கிளாக்கர் மேசை நாட்காட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். அந்த வருஷமும் எழுபத்தேழு மாதிரியே பெப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள் கொண்ட வருஷம். ஒவ்வொரு மாதமாகக் கூட்டிக்கொண்டு வந்தேன். நூற்றுத்தொண்ணூற்றாறாவது நாள் ஜூலை பதினைந்து. மறுபடி கூட்டினேன். பதினைந்துதான்.

"கணக்குச் சரியாத்தானே ஐயா வருது."

அவர் நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு, "பெப்ரவரியை இருபத்தொன்பதாய் வைச்சு எண்ணிப் பார்," என்றார்.

எண்ணினேன். ஜூலை பதினாலில் நூற்றுத்தொண்ணூற்றாறு வந்து நின்றது.

அதன் பிறகு பேரேட்டில் முழுத் திகதி இருந்தவர்களை ஒவ்வொருவராக எடுத்து ஒப்பிட்டேன். ஜனவரியிலும் பெப்ரவரியிலும் பிறந்தவர்களுக்கு எல்லாம் சரியாக இருந்தது. லீப் வருஷத்தில் பிறந்தவர்களுக்கும் சரி. மற்ற அத்தனை பேருக்கும் நான் ஒரு நாளைக் கூட்டி வைத்திருந்தேன். என்னுடையது பெப்ரவரி. பெரிய கிளாக்கர் பிறந்த நாற்பத்துநான்கு லீப் வருஷம். அவள் அம்மா பிறந்த நாற்பத்தெட்டும் லீப் வருஷம். நான் சரி பார்த்த இரண்டு பேருமே பிழை தெரியாத இரண்டு பேராக அமைந்துவிட்டார்கள்.

மறுநாளே மாவட்ட அரசாங்க அலுவலகமான நுவரெலியா கச்சேரிக்குப் பஸ் ஏறினேன். அடையாள அட்டை வேலை பார்க்கும் ஒருவரிடம் சிங்களத்தில் கேட்டேன். அவர் மேசைக் கண்ணாடியின் கீழ் இருந்த ஒரு அட்டவணையைக் காட்டினார். அதில் பெப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள் இருந்தது.

"எல்லா வருஷத்துக்கும் இந்த ஒரே அட்டவணைதான். லீப் வருஷம், மற்ற வருஷம் என்று இரண்டு வைத்திருந்தால் ஆட்கள் குழம்பிப்போவார்கள்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இது உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

தெரியாது. கம்பியூட்டர் உண்மையில் வந்துபோன நாட்களை எண்ணியது. அட்டை இலக்கம், வராத ஒரு நாளையும் சேர்த்து எண்ணியது. இரண்டும் தன் தன் வழக்கப்படி சரிதான். இரண்டையும் கேள்வி கேட்காமல் ஒட்டவைத்தது நான்.

துரையிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, திருத்தக் கடிதம் ஒன்று கேட்டேன். அவர் கெட்டவரல்ல. நான் சொன்னது அவருக்கு உடனே புரிந்தது. புரிந்த பிறகுதான் முகம் மாறியது.

"எல்லாத் தேதியும் சரின்னு நான் சைன் வச்சு ரிப்போர்ட் அனுப்பியாச்சு. இப்ப தப்புன்னு எழுதணும்னா ஹெட் ஆபீஸ்ல கேக்கணும். கேக்காம ஏலாது."

தலைமை அலுவலகம் சம்மதம் சொல்ல மூன்று வாரம் எடுத்தது. அதற்கிடையில் பெரிய கிளாக்கரிடம், எனக்குத் துணையாகக் கொழும்புப் பொலிசுக்கு வரச் சொல்லிக் கெஞ்சினேன். அவருக்குச் சிங்களமும் ஆங்கிலமும் நன்றாக வரும்.

"நான் யாழ்ப்பாணத்தான் பிள்ளை. நான் போய் அவளுக்காகக் கதைச்சா, உனக்கு ஏன் யாழ்ப்பாணத்து ஆள் வாறான் எண்டு அவளைக் கேப்பாங்கள். என்னாலை அவளுக்கு இன்னும் மோசமாப் போயிடும்." சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அந்தத் திருத்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதித் தந்தவர் அவர்தான். எட்டு முறை எழுதிக் கிழித்து, ஒன்பதாவதைத்தான் என்னிடம் தந்தார்.

கடிதம் கைக்கு வந்தபோது அவள் பொலிஸ் நிலையத்தில் இல்லை. தடுப்பு உத்தரவில் வேறிடத்துக்கு மாற்றி, பிறகு விளக்கமறியலில் பெண்கள் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தொழிற்சங்கம் மூலம் கிடைத்த ஒரு சட்டத்தரணி கடிதத்தை ஒப்படைத்தார். அது உதவவில்லை. ஒரே தோட்டம், ஒரே கையொப்பம், முதல் கடிதத்தில் பதினைந்து, இரண்டாவதில் பதினாலு. எதை நம்புவது என்று கேட்டார்களாம். ஆளைப் பிடித்த பிறகு திருத்திக் கொடுக்கிற கடிதத்துக்கு என்ன மதிப்பு என்றும் கேட்டார்களாம்.

அந்த மாதங்களை நான் வரிசையாகச் சொல்ல முடியாது. அவள் அம்மாவை அடுத்த கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். அவர் வழி முழுவதும் மகளைப் பற்றியே பேசினார். நெஞ்சைப் பற்றிக் கேட்டால், "அது கெடக்கு" என்பார். ஒருமுறை டாக்டரைத் தனியே பிடித்து, முதல் திகதிக்கே வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்குமா என்று கேட்டேன். அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். இருக்காது என்றும் அவர் சொல்லவில்லை.

டிசம்பரில், மலையில் கொழுந்துக்கூடையோடு நின்றபோதே விழுந்து, அவர் இறந்துபோனார். மகளைச் சாவுக்குக் கூட்டிவர அனுமதி கேட்டு எழுதிய மனுவுக்கு, அடக்கம் முடிந்த பிறகுதான் பதில் வந்தது. சொல்வதற்கு நான் சிறைக்குப் போனேன். பார்க்க விடும் இடத்தில் இரண்டு கம்பி வலைகள் இருந்தன, நடுவில் ஓர் ஆள் நடக்கும் இடைவெளி. இரண்டு பக்கமும் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அத்தை செத்துப்போயிட்டாங்க."

அவள் காதில் விழவில்லை. கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, "என்னா?" என்றாள். மறுபடியும் சொன்னேன். கையை இறக்கினாள். "மழையா அன்னைக்கு?" என்று கேட்டாள். இல்லை, வெயில் என்றேன். தலையாட்டினாள். நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டின் முதல் நாள் காலை என்னை ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கம்பியூட்டரைப் போட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து, கொழும்புக்குச் சொல்ல வேண்டும். துரையும் பெரிய கிளாக்கரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். திரையில் திகதி சரியாக இருந்தது. வயதுப் பட்டியலை அடித்தேன். எல்லாருக்கும் சரியான வயது வந்தது, ஏனென்றால் ஒவ்வொரு பெயரையும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடு வைத்துப் பார்த்து, கையால் திருத்தி முடித்திருந்தேன். துரை தொலைபேசியில், "ஒன்றும் ஆகவில்லை, ஒரு பிரச்சினையும் இல்லை" என்று ஆங்கிலத்தில் சந்தோஷமாகச் சொன்னார். பெரிய கிளாக்கர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பட்டியலில் அவள் பெயருக்கு நேரே இருபத்திரண்டு என்றிருந்தது.

மார்ச் மாதம் சட்டத்தரணி என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார். அந்த மேசை நாட்காட்டியையும் கச்சேரியில் கெஞ்சி வாங்கிய அட்டவணையின் பிரதியையும் எடுத்துக்கொண்டு போனேன். எனக்குச் சிங்களம் தெரிந்தாலும், மொழிபெயர்ப்பாளர் மூலமே பேச வேண்டும் என்றார்கள். அரச தரப்புச் சட்டத்தரணி எழுந்து, "அப்படியானால் இது கம்பியூட்டரின் பிழை என்கிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. என் பிழை," என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு அதை அப்படியே சொன்னார்.

நீதவான் வயதானவர். நான் பெப்ரவரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கேட்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. பாதியில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்தார். என் நாட்காட்டியைக் கேட்டு வாங்கி, பேனா முனையால் மாதம் மாதமாகக் குத்தி எண்ணினார். எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு கீழே உட்கார்ந்திருந்த எழுதுவினைஞரின் அட்டையையும் வாங்கி எண்ணினார்.

"எனக்கும் ஒரு நாள் கூடுகிறது," என்றார் சிங்களத்தில். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "இதைப் பார்ப்பதற்குப் பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கிறது."

அன்று பின்னேரமே அவளை விட்டுவிட்டார்கள். பத்து மாதமும் சில நாட்களும்.

திரும்பி வரும் ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நாவலப்பிட்டி தாண்டியதும், "என்னை மன்னிச்சிரு" என்றேன்.

"நானும்தானே சரின்னேன்," என்றாள். அவ்வளவுதான். அது மன்னிப்பா, இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர்களுடைய காம்பராவில் வேறு குடும்பம் வந்திருந்தது. பிள்ளைக்காம்பராவில் வேறு ஒருத்தியைப் போட்டிருந்தார்கள். அவள் எங்களோடு ஆறு வாரம் இருந்தாள். யாராவது கதவைத் தட்டினால் எழுந்து சுவரோடு ஒட்டி நிற்பாள். பிறகு டயகமப் பக்கத்தில் இருந்த மாமா வந்து கூட்டிப்போனார். அங்கேயே கல்யாணம் ஆனது. பத்திரிகை வந்தது, நானும் போனேன். கூட்டத்தில் நிறையப் பேச முடியவில்லை.

நானும் பிறகு தோட்டத்து வேலையை விட்டேன். நுவரெலியாவில் ஒரு கம்பியூட்டர் வகுப்பில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். திகதிப் பாடம் வரும்போது பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருக்கும். சில கம்பியூட்டர்கள் எழுபதாம் ஆண்டின் முதல் நாளிலிருந்து ஒவ்வொரு வினாடியாக எண்ணிக்கொண்டிருக்கின்றன என்பேன். எண்ணைப் போட்டுவைக்கும் பெட்டி இத்தனை பெரியதுதான், இரண்டாயிரத்து முப்பத்தெட்டில் அது நிரம்பிவிடும், மாற்றாமல் விட்டால் அந்தக் கம்பியூட்டர்கள் பழைய காலத்துக்குத் திரும்பிப் போய்விடும் என்பேன். அப்போது எங்களுக்கு என்ன வயசு மிஸ் என்று கணக்குப் போட்டுச் சிரிப்பார்கள். எந்தச் சூத்திரத்தையும் அவரவர் பிறந்த நாளை மட்டும் போட்டுச் சரி பார்க்காதீர்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். ஏன் என்று கேட்பார்கள். அட்டை இலக்கத்தின் பெப்ரவரியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

சில வருஷம் கழித்துத் தலவாக்கலை பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். நல்ல மழை. கையில் ஒரு பெண் குழந்தை. பஸ் வர நேரமாகும் என்றார்கள். தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். குழந்தை, மாமியார், புருஷன் வேலை என்று பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று அவளாகவே அந்த இடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். முன்பு ஒரு நாளும் அவள் அதைப் பேசியதில்லை.

"எங்க கூட ஒரு அக்கா இருந்திச்சு. பட்டிப்பொலப் பக்கத்துத் தோட்டம். அதுக்குப் பொறந்த பதிவே இல்ல. அட்டையும் இல்ல. எப்ப பொறந்தேன்னு கேட்டா தெரியாதுங்கும். கேட்டவங்க ஆளுக்கொரு வருஷம் எழுதிக்கிட்டாங்க. அப்புறம் ஒவ்வொரு பேப்பர்லயும் ஏன் வேற வேற வருஷம் சொல்லியிருக்கேன்னு அதையே கேட்டாங்க."

"அவங்க வெளிய வந்துட்டாங்களா?"

"தெரியல. நான் வரும்போது இருந்திச்சு. என் சீப்பை அதுகிட்டதான் குடுத்துட்டு வந்தேன்."

தோட்டத்தின் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் கேட்டு, பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். அவளுடைய பஸ் வந்தது. குழந்தையைத் தூக்கி உள்ளே கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

அந்த வாரமே அந்தப் பெண்ணைப் பற்றி விசாரித்து இரண்டு கடிதங்கள் எழுதினேன். அப்படியொரு வழக்கு தன்னிடம் வரவில்லை என்று பழைய சட்டத்தரணி பதில் போட்டார். தோட்டத்துக்கு எழுதியதற்குப் பதில் இல்லை. இரண்டு மாதம் பொறுத்து மறுபடியும் எழுதினேன். அதற்கும் வரவில்லை.